பர்வதமலைக்கு நான் எழுதிய பட்டியல்

நெய்வேலியில் மலை கிடையாது. சுரங்கத்திலிருந்து தோண்டிக் கொட்டிய மண்மேடும், அங்கங்கே நிற்கும் தண்ணீர்த் தொட்டிகளும்தான் அங்கே உயரம். அப்படிப்பட்ட ஊரில் அறுபதுகளின் நடுவில் ஒரு மலையேற்றச் சங்கம் இருந்தது என்று இப்போது சொன்னால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். என்னால் சிரிக்க முடிவதில்லை. அந்தச் சங்கத்துக்காக ‘வரவிருக்கும் மலைப் பயணங்கள்’ என்று தலைப்பிட்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பட்டியல் எழுதி ஆபீஸ் வாசல் அறிவிப்புப் பலகையில் ஒட்டியவன் நான்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. டிராயிங் ஆபீசில் டிரேசர் வேலை. இன்ஜினியர்கள் பென்சிலில் போட்ட படத்தின் மேல் டிரேசிங் துணியை விரித்து, இந்தியன் இங்க் என்ற கறுப்பு மையில் நகலெடுக்க வேண்டும். என் எழுத்து அச்சு மாதிரி இருக்கும். அந்த எழுத்தைப் பார்த்துத்தான் எங்கள் பிரிவின் பெரிய இன்ஜினியர் என்னைச் சங்கத்தில் சேர்த்துக்கொண்டார். அவர் பயிற்சிக்காக ஓராண்டு வெளிநாட்டில் இருந்தவர். அங்கே பனிமலைகளில் ஏறிப் பழகி, திரும்பி வரும்போது ஒரு நைலான் கயிறும் ஆணி வைத்த பூட்சும் கொண்டுவந்திருந்தார். கயிற்றைப் பயன்படுத்த ஆள் வேண்டுமே என்று சங்கம் தொடங்கினார். பதினைந்து பேர் சேர்ந்தார்கள். எல்லோரும் அதிகாரிகள். பெரிய குவார்ட்டர்ஸ்காரர்கள். அவர்கள் நடுவில் டிரேசர் ஒருவன் இருந்தேன் என்றால் அது என் காலுக்காக அல்ல, கைக்காக.

நான் டெல்டாக்காரன். மலை என்றால் காலண்டரில் பார்த்ததுதான். ஆனாலும் பட்டியல் எழுத உட்காரும்போது எனக்குள் ஒரு மிதப்பு வரும். செஞ்சி, கல்வராயன் மலை, பர்வதமலை, ஏற்காடு என்று ஒவ்வொரு பெயரையும் தடித்த பேனாவில் எழுதுவேன். அடியில் சிறிய எழுத்தில் எங்கே கூட வேண்டும், என்ன கொண்டுவர வேண்டும், யார் யார் வருகிறார்கள். கடைசியாக ஒரு கட்டம், ‘முதல் ஆள்’. பாறையில் கயிற்றோடு முதலில் ஏறுபவர் அவர். மேலே போய்க் கயிற்றைக் கட்டி மற்றவர்களை ஏற்றுவார். சங்கத்தில் அந்தக் கட்டத்துக்குத்தான் மரியாதை.

பயணம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய மண்மேட்டில் பயிற்சி நடக்கும். ஒருநாள் காலை கணக்குப் பிரிவு அதிகாரி ஒருவர் பாதி மேட்டில் மாட்டிக்கொண்டார். பருமனான மனிதர், நல்ல பேச்சுக்காரர். கால் வைத்த இடமெல்லாம் சரிந்தது. இன்ஜினியர் கீழிருந்து இங்கிலீஷில் யோசனை சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது தலையில் விறகுக் கட்டோடு போய்க்கொண்டிருந்த ஒருவர் நின்றார். கட்டை இறக்கி வைத்தார்.

“அங்க கால வெக்காதீங்க சார். அது களி. மேல காஞ்சாப்புல தெரியும், உள்ள வழவழன்னு இருக்கும். இந்தப் பக்கம் கல்லு மாதிரி ஒரு வரி போவுது பாருங்க, அதப் புடிச்சிகினு வாங்க.”

கணக்கு அதிகாரிக்கு வரியும் தெரியவில்லை, ஒன்றும் தெரியவில்லை. அந்த மனிதர் வெறுங்காலோடு நடந்துபோய் அவர் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். மேட்டில் ஏறியதுபோலவே இல்லை, தெருவைக் கடந்து வந்ததுபோல இருந்தது.

இன்ஜினியர் அவரை அழைத்தார். “எந்த ஊர்ப்பா நீ?”

“இதாங்க.”

“இதுன்னா?”

“இந்த மண்ணுதாங்க சார். எங்க ஊர நோண்டித்தான இங்க கொட்டிகினு இருக்காங்க. இதுல எங்க வூட்டு மண்ணு எதுன்னுதான் தெரியல.”

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். நானும்தான்.

அவருக்கு முப்பது வயதிருக்கும். மனைவி, பள்ளிக்கூடம் போகும் ஒரு மகள். பக்கத்து மந்தாரக்குப்பத்தில் வாடகைக்கு ஒரு கூரை வீடு. முன்னோர் யாருக்கும் நிலமில்லை, அடுத்தவர் வயலில் வேலை செய்தவர்கள். இவர் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் ஆள். மண் வெட்டும் பெரிய சக்கர எந்திரத்தை நிறுத்தும்போது, அதன் வாளிகளில் ஒட்டிய களியைக் கடப்பாறையால் சுரண்டித் தள்ளுவது வேலை. நாலு மாடி உயரத்தில் இரும்பைக் கால் விரலால் பற்றிக்கொண்டு நிற்க வேண்டும். அவருக்குப் பயமில்லை என்று சொல்ல மாட்டேன். “பயம் இருக்குது. கால்ல இல்ல, வயித்துல இருக்குது. அது அங்கயே இருந்துட்டுப் போவட்டும்” என்று பிறகு என்னிடம் சொன்னார்.

அதன் பிறகு ஷிப்ட் இல்லாத ஞாயிறுகளில் வந்தார். ஏன் வந்தார் என்பதை அவர் ஒளிக்கவில்லை. இன்ஜினியர் கண்ணில் பட்டால் பர்மனென்ட் ஆக ஒரு வழி கிடைக்கலாம் என்ற நினைப்பு. ஆனால் வரவர வேறொன்றும் சேர்ந்துகொண்டது. கயிறு முடிச்சுகளை ஒருமுறை காட்டியதும் கற்றுக்கொண்டார். இன்ஜினியர் போட்ட முடிச்சு ஒன்றை அவிழ்த்து, “இது நனைஞ்சா நழுவுங்க சார்” என்று வேறு மாதிரி போட்டுக் காட்டினார். இன்ஜினியர் தட்டிக்கொடுத்தார். பழைய கேன்வாஸ் ஷூ ஒரு ஜோடி கொடுத்தார். அவர் அதன் நாடாக்களை முடிந்து கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு ஏறினார்.

செஞ்சிப் பயணத்துக்குச் சுமை தூக்க அவரை அழைத்துப்போனோம். கோட்டைக்கு எதிரே பெயரில்லாத ஒரு பாறைக் குன்று. இன்ஜினியர் இரண்டு முறை முயன்று இறங்கிவிட்டார். மூன்றாவதாக இவர் கேட்டார், “நான் போயிப் பாக்கட்டுங்களா?” கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு போனார். ஒரு பீடி புகைக்கும் நேரம்கூட ஆகவில்லை. மேலிருந்து கயிறு வந்தது. அதைப் பிடித்துத்தான் அத்தனை பேரும் ஏறினோம்.

மேலே காற்று அடித்தது. மற்றவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தபோது அவரும் நானும் ஓரமாக உட்கார்ந்திருந்தோம். அதுவரை என்னை ‘சார்’ என்று கூப்பிட்டவர், அன்றுதான் முதல்முறையாகத் ‘தம்பி’ என்றார்.

“தம்பி, அந்தப் போர்டுல பேரு எழுதுறியே, அதுல எம் பேரும் வருமா?”

“ஏண்ணே?”

“எங்க சூப்பர்வைசர் தெனமும் அந்தப் போர்டப் பாத்துகினுதான் கேன்டீனுக்குப் போறான். இன்ஜினியருங்க பேரோட எம் பேரு இருந்தா, யாருடா இவன்னு ஒருவாட்டி கேப்பான்ல? அது போதும்.” பிறகு சொன்னார், “அதுக்கு மட்டும் இல்ல. ஏறுனது நான்தான?”

“எழுதறேண்ணே” என்றேன்.

தனியாக இருக்கும்போது ‘அண்ணே’ என்று கூப்பிடுவேன். மற்றவர்கள் எதிரில் எப்படியும் கூப்பிட மாட்டேன். “இங்க பாருங்க” என்பதோடு சரி. அவர் அதைக் கவனித்திருக்கிறார் என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அடுத்த மூன்று மாதப் பட்டியலில் முதல் பயணம் பர்வதமலை. அதன் ‘முதல் ஆள்’ கட்டத்தில் அவர் பெயரை எழுதினேன். யாரையும் கேட்கவில்லை. கேட்டால் நடக்காது என்று உள்ளுக்குள் தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பெயரை இங்கே எழுதவில்லை. ஒருமுறை எழுதிவிட்டு நான் என்ன செய்தேன் என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

திங்கட்கிழமை காலை பலகையில் ஒட்டினேன். மத்தியானத்துக்குள் அவருக்குச் செய்தி போய்விட்டது. ஷிப்ட் முடிந்து சாயங்காலம் மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தவன், வேப்பமரத்தருகே நின்றுவிட்டேன். அந்த அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. “எது, எதுங்கறேன்” என்று கேட்டார். அவர் விரலை வைத்துக் காட்டினார். மகள் தகப்பன் பெயரை எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படித்தாள். படித்துவிட்டு, மேலே உள்ள இன்ஜினியர்கள் பெயர்களையும் பட்டங்களோடு படிக்க ஆரம்பித்தாள். “அதெல்லாம் எதுக்கு, வுடு” என்று அந்த அம்மா சிரித்தார். நான் போய் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். நான் செய்த உதவியை அவர்களாகவே ரசிக்கட்டும் என்று பெருந்தன்மையோடு நின்றுகொண்டிருந்தேன்.

மறுநாள் இன்ஜினியர் கூப்பிட்டார். மேசைக்கு எதிரில் கணக்கு அதிகாரி உட்கார்ந்திருந்தார். மண்மேட்டில் மாட்டிக்கொண்ட அதே மனிதர்.

“அவன் முதல் ஆளாம், நான் அவன் பின்னால ஏறணுமாம்” என்றார் அவர். “கயிறு கட்டத் தெரிஞ்சா போதுமா? நாளைக்கு அவன் என் ஆபீஸ் கவுண்டர்ல வந்து எப்படி நிப்பான்?”

இன்ஜினியர் கோபப்படவில்லை. அவர் எப்போதும் கோபப்பட மாட்டார். “எனக்கொண்ணும் இல்லப்பா. ரூல்னு ஒண்ணு இருக்கு. மெம்பர் இல்லாதவர் பேரை லீடர்னு போட்டுட்டு ஏதாவது ஆச்சுன்னா யார் பொறுப்பு? வேற ஷீட்ல எழுதிடு. அவர் வரட்டும், வழக்கம்போல வரட்டும். பேர் வேண்டாம்.”

“எப்படி எழுதறது சார்?”

“சுமை தூக்க ஆட்கள் இருவர்னு போடேன்.”

‘முடியாது’ என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒன்றும் ஆகியிருக்காது. அவரே இன்னொருவரை விட்டு எழுதச் சொல்லியிருப்பார். என் டிராப்ட்ஸ்மேன் பதவி உயர்வு ஒரு வருடம் தள்ளிப்போயிருக்கலாம், அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு வருடம் அன்றைக்கு எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. உட்கார்ந்து புதிய தாளில் எழுதினேன். ‘முதல் ஆள்’ கட்டத்தில், தானே கேட்டு வாங்கிக்கொண்ட கணக்கு அதிகாரியின் பெயர். அடியில், ‘சுமை தூக்க ஆட்கள் இருவர்.’ எழுத்து ஒன்றுகூடப் பிசிறவில்லை. பழைய தாளைக் கிழித்துக் கூடையில் போட்டேன்.

பெயர் போனதை அவரிடம் போய்ச் சொல்லவில்லை. இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று பத்து நாள் ஓடியது. மந்தாரக்குப்பம் ஏழு கடல் தாண்டியா இருக்கிறது? சைக்கிளில் கால் மணி நேரம். நான் அந்தப் பக்கக் கடைவீதிக்குப் போவதைக்கூட நிறுத்திக்கொண்டேன்.

பயணத்துக்கு அவர் வர மாட்டார் என்று நினைத்தேன். வந்தார். அரிசி மூட்டையும் பாத்திரமும் தலையில். என்னைப் பார்த்து, “வணக்கங்க சார்” என்றார்.

பர்வதமலை உச்சியில் கோயில் இருக்கிறது. பக்தர்கள் ஏறுவதற்குப் பாறையில் சங்கிலியும் இரும்புக் கம்பிகளும் அடித்திருப்பார்கள். அந்த வழியில் போனால் அதற்கு எதற்குச் சங்கம் என்று, பக்கவாட்டில் ஒரு பாறை முகத்தை இன்ஜினியர் தேர்ந்தெடுத்தார். காலை ஒன்பது மணி வெயில். கணக்கு அதிகாரி கயிற்றோடு ஏறினார். உண்மையைச் சொல்ல வேண்டும், பாதி தூரம் நன்றாகவே ஏறினார். அதற்கு மேல் முழங்கை அகலத்தில் ஒரு விளிம்பு. அதில் நின்றவருக்கு மேலே போகவும் தெரியவில்லை, கீழே வரவும் தெரியவில்லை. கால் ஆட ஆரம்பித்தது. கீழேயிருந்தே அந்த நடுக்கம் தெரிந்தது. முதலில் “ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம்” என்று சொல்லிக்கொண்டிருந்தவர் பிறகு கடவுள் பெயரைச் சொன்னார். பிறகு அழுதார். சங்கிலி வழியில் போன பக்தர்கள் சிலர் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

எல்லோரும் திரும்பிச் சுமை தூக்கி வந்தவரைப் பார்த்தார்கள். அவர் பாத்திரங்களுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார்.

“கொஞ்சம் போய்க் கூட்டிட்டு வாப்பா” என்றார் இன்ஜினியர்.

அவர் எழுந்திருக்கவில்லை. “நான் சுமை தூக்குற ஆளுங்க சார். ரெண்டு பேர்ல ஒருத்தன். போர்டுல அப்டித்தான் எழுதியிருக்குது.”

இன்ஜினியர் என்னைப் பார்த்தார். ஒவ்வொருவராக எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் அவரிடம் போய்க் குனிந்து, “அண்ணே…” என்றேன்.

“இப்ப அண்ணனா?” என்றார். சத்தமாகக்கூட சொல்லவில்லை.

மேலே அழுகை சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் கொஞ்ச நேரம் அதைக் கேட்டார். பிறகு, “சீ, ஒரு ஆம்பள இப்டி அழுவுறானே” என்று எழுந்து, கைகளை மண்ணில் தேய்த்துக்கொண்டு ஏறினார். எங்களில் யாருக்காகவும் அவர் ஏறவில்லை.

விளிம்புக்குக் கீழே நின்று, கணக்கு அதிகாரியின் காலை ஒவ்வொன்றாகப் பிடித்து எங்கே வைக்க வேண்டுமோ அங்கே வைத்தார். “கண்ண மூடிக்குங்க சார். நான் வெக்கிற எடத்துல நில்லுங்க, போதும்.” குழந்தைக்குச் சொல்வதுபோல இருந்தது குரல். முக்கால்வாசி இறங்கிவிட்டார்கள். தரை தெரிந்ததும் கணக்கு அதிகாரி அவசரப்பட்டுத் தானாகக் காலை வீசினார். ஒரு கல் பெயர்ந்தது. பெரிய கல்லும் இல்லை, தேங்காய் அளவுதான். அது கீழே நின்று தாங்கியவரின் வலது கை பற்றியிருந்த பாறையின் மேல் விழுந்து, அந்தக் கையை நசுக்கி உருண்டது. அவர் கத்தவில்லை. இடது கையால் அந்த மனிதரைத் தரையில் இறக்கிவிட்ட பிறகுதான் உட்கார்ந்தார்.

என் துண்டால் கட்டினோம். இரண்டு விரல்கள் தோலில் தொங்கின. அடிவாரத்துக்கு நடந்தே இறங்கினார். வழியில் ஓடிப்போய் ஜீப் ஏற்பாடு செய்தது நான்தான். இதை எழுதும்போதுகூட எனக்கு ஒரு நல்லது சேர்த்துக்கொள்ளப் பார்க்கிறேன், பாருங்கள். ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களையும் எடுத்தார்கள்.

அடுத்த வாரம் பலகையில் பயண அறிக்கை போட வேண்டியிருந்தது. இன்ஜினியர் சொல்லச் சொல்ல எழுதினேன். ‘கடினமான பாறை முகம் ஒன்றில் நமது உறுப்பினர் பெரும் துணிவுடன் முன்னேறினார். இறங்கும்போது உதவியாளர் ஒருவருக்குச் சிறு காயம் ஏற்பட்டது. பயணம் இனிதே நிறைவுற்றது. அடுத்து ஏற்காடு.’ ‘சிறு காயம்’ என்ற இடத்தில் பேனா நின்றதா என்று கேட்டால், நிற்கவில்லை.

இன்ஜினியர் ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனார். ஒரு வாட்ச்மேன் வேலைக்குச் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தார். பொய்யாகச் சொன்னார் என்று நினைக்கவில்லை. இரண்டு மாதத்தில் வடக்கே மாற்றலாகிப் போனார், வாக்கும் அவரோடு போயிற்று. கடப்பாறை பிடிக்க முடியாத ஆளைக் கான்ட்ராக்டர் எடுக்கவில்லை.

நான் போனது அதற்கும் பிறகு. வாசலில் மகள் உட்கார்ந்து பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் நோட்டை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவர் வெளியே வந்தார். கையைத் துண்டுக்குள் வைத்திருந்தார். உட்காரச் சொல்லவில்லை.

“மன்னிச்சிடுங்கண்ணே. அன்னிக்கு என்னால மறுக்க முடியல” என்றேன்.

“நீ எழுதலன்னா வேற எவனாவது எழுதியிருப்பான். அது எனக்குத் தெரியாதா?” என்றார். “மாத்தி எழுதுனத வந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? பொண்ணு பள்ளிக்கூடத்துல எங்கப்பா பேரு போர்டுல இருக்குதுன்னு சொல்லிகினு திரிஞ்சிச்சு. கூடப் படிக்கிற புள்ளைங்க நாலு பேர அழைச்சிகினு காட்டப் போச்சு. அங்க என்னா இருந்திச்சு? சுமை தூக்க ஆட்கள் இருவர். அத அந்தப் புள்ளைங்க சத்தமாப் படிச்சிச்சுங்களாம்.”

நான் சைக்கிள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“வெரலு போனது கல்லால. அது யாரு மேலயும் குத்தம் இல்ல. இது உன்னால” என்றார். பிறகு, “போய்ட்டு வாங்க சார்” என்று சொல்லிக் கதவுப் படலைச் சாத்தினார். படலுக்கு உள்ளே அந்த அம்மா எதையோ முணுமுணுத்தது கேட்டது. என்ன என்று தெரியவில்லை. நல்ல வார்த்தையாக இருக்க நியாயமில்லை.

அந்த வருடமே எனக்கு டிராப்ட்ஸ்மேன் பதவி வந்தது. அதற்கடுத்த வருடம் சங்கத்துக்கு என்னையே செயலாளர் ஆக்கினார்கள். ஏற்காடு, கல்வராயன், ஜவ்வாது என்று எல்லா இடத்துக்கும் போனேன். கணக்கு அதிகாரி அதன் பிறகு எந்த மலைக்கும் வரவில்லை. ஆனால் கூட்டங்களுக்குத் தவறாமல் வருவார். பர்வதமலைக் கதையைப் புதியவர்களுக்குச் சொல்வார். அவர் கதையில் அவர் தானாகவே இறங்கினார். நான் ஒருமுறைகூட இடையில் பேசவில்லை. அதிகாரிகள் ஒவ்வொருவராக மாற்றலாகிப் போக, நாலைந்து வருடத்தில் சங்கம் தானாக ஓய்ந்தது. கயிறு யாரிடம் போயிற்று என்று தெரியவில்லை.

அவர் குடும்பத்தோடு குறிஞ்சிப்பாடிப் பக்கம் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். தேடவில்லை.

ஒருநாள் கடலூரிலிருந்து பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். கல்யாணமாகி ஆறு மாதம். பக்கத்தில் மனைவி. குறிஞ்சிப்பாடி ஸ்டாண்டில் கைத்தறி மூட்டைகளைப் பஸ்ஸின் கூரைமேல் ஏற்றினார்கள். ஜன்னலுக்கு வெளியே ஏணியில் ஒரு கை தெரிந்தது. மூன்று விரல்கள் கம்பியை வளைத்துப் பிடித்திருந்தன. மறு கையில் மூட்டை. வெறுங்கால்கள் என் முகத்துக்கு நேராக, படி படியாக ஏறிப்போயின.

“பாவம், அந்தக் கையோட எப்படி ஏறறாரு பாருங்க” என்றாள் மனைவி.

“ம்” என்றேன்.

தலைக்கு மேல் தகரத்தில் அவர் நடக்கும் சத்தம் கேட்டது. மூட்டைகளை இழுத்து அடுக்கினார். பஸ் கிளம்பியபோதும் அவர் மேலேயே இருந்தார். கிளம்பும் முன் கீழே இறங்கி அண்ணாந்து பார்த்து ஒரு வார்த்தை சொல்ல எனக்கு நேரம் இருந்தது. கண்டக்டர் டீ குடித்துவிட்டு வரும்வரை இருந்தது. நான் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வடலூரில் மூட்டைகளோடு அவரும் இறங்கியிருக்க வேண்டும். பஸ் நின்ற அந்த ஐந்து நிமிடமும் எதிர்ப் பக்கத்து ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவி கேட்டாள், அங்கே என்ன இருக்கிறது என்று. ஒன்றும் இல்லை என்றேன்.